இரண்டாவது கிளிக்

மவுஸ் தப்பு செய்கிறது என்று புகார் கொடுப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பொய் சொல்கிறார்கள். தப்பான கோப்பை அழித்திருப்பார்கள், தப்பான ஆளுக்கு மெயில் போயிருக்கும், உடனே பழி மவுஸ் மேல். பதினாறு வருடமாக அரசு அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன கதை இது. அதனால் தூத்துக்குடி கடல் தேடல் அலுவலகத்திலிருந்து, 'மவுஸ் தானாகவே இரண்டு முறை கிளிக் செய்கிறது, உடனே வரவும்' என்று தகவல் வந்தபோது சாவகாசமாகத்தான் கிளம்பினேன். வழியில் வண்டியை நிறுத்தி டீ குடித்தேன். அதற்குப் பிறகு அந்த டீக்கடைப் பக்கம் நான் போனதில்லை.

அந்த அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடலில் காணாமல் போகிறவர்களை இப்போது மனிதர்கள் தேடுவதில்லை. 'மாலுமி' என்று ஓர் இயந்திர மூளை இருக்கிறது. அதன் கையில் பன்னிரண்டு ட்ரோன்கள். காற்று, நீரோட்டம், படகில் எத்தனை கேன் தண்ணீர் ஏற்றினார்கள் என்பது வரை எல்லாவற்றையும் வைத்து, ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று மணிக்கொரு தரம் கணிக்கும். வாய்ப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் 'தேடலை நிறுத்தலாம்' என்று பரிந்துரை செய்யும். அதற்குமேல் அதற்கு அதிகாரம் கிடையாது. மனிதனைக் கைவிடுகிற முடிவை மனிதன்தான் எடுக்க வேண்டும் என்று மீனவர்கள் ஆறு மாதம் துறைமுகத்தை மறித்துப் போராடி வாங்கிய சட்டம் அது.

குரலைப் போலி செய்யலாம், முகத்தையும் போலி செய்யலாம். ஆகவே அலுவலர் விரலால் அழுத்தித்தான் சம்மதம் தர வேண்டும் என்று விதி. அதற்காகவே வயர் வைத்த பழைய மாதிரி மவுஸ் ஒன்றை அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். முதல் கிளிக்கில் கோப்பு திறக்கும். படகின் பெயர், ஆட்களின் படங்கள், வீட்டில் யார் யார், எல்லாம் இருக்கும். அதைப் படிக்க வேண்டும். இரண்டாவது கிளிக்கில் தேடல் நிற்கும். இதை வடிவமைத்த புண்ணியவான், 'திற' என்ற பொத்தான் இருந்த அதே இடத்திலேயே 'நிறுத்து' என்ற பொத்தானையும் வைத்துவிட்டான். கையை நகர்த்துகிற சிரமம் இருக்கக் கூடாதாம்.

நான் போனபோது வாசலில் ஏழெட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் உட்காராமல் கதவருகே நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். என் தோளில் இருந்த பையைப் பார்த்துவிட்டு வழியை மறித்தார்.

"அண்ணாச்சி, நீங்க மெட்ராஸ்ல இருந்து வந்த ஆபீசரா?"

"இல்லம்மா. மவுஸ் ரிப்பேர் பாக்க வந்தேன்."

"உள்ள போறீயல்லா, அந்த மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. எம்பேரு ஜெசிந்தா. பனிமய அன்னை போட்டுல போன ரெமிஜியுஸ் வீடுன்னு சொன்னா தெரியும். அஞ்சு பேரு போனாவ. இன்னைக்கு எட்டாவது நாளு. நேத்து காலைல தேடுறத நிறுத்திட்டாவளாம்."

நான் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நகரப் பார்த்தேன்.

"நான் சண்டைக்கு வரல அண்ணாச்சி. ஒரு ஆளு வாசிச்சுப் பாத்துத்தான நிறுத்துவாவ, அந்த ஆளப் பாக்கணும். நிறுத்துறதுக்கு முன்ன வீட்டுக்குப் போன் வரும்னு எல்லாரும் சொன்னாவ. எனக்கு வரல. வந்திருந்தா சொல்லியிருப்பேன். கடலுக்குப் போக டோக்கன் எடுக்கையில எட்டு கேன் தண்ணின்னு எழுதிக் குடுத்தாவ. பெறவு நான்தான் ஏசி, இன்னும் நாலு கேன் ஏத்தி விட்டேன். அது அந்த மிஷினுக்குத் தெரியாதுல்லா?"

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சங்கரவடிவு மேடத்தை எனக்கு முன்பே தெரியும். ஐம்பத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கம். நிறுத்துவதற்கு முன் வீட்டுக்குப் போன் போடுவது சட்டத்தில் இல்லை, அது அவராக வைத்துக்கொண்ட பழக்கம். அதனாலேயே கடற்கரை ஊர்களில் அவருக்கு மரியாதை அதிகம். ஜெசிந்தா சொன்னதை நான் வாய் திறந்து சொல்வதற்குள் அவர் புலம்பத் தொடங்கிவிட்டார்.

"இந்த மவுஸ என்னன்னு பாருங்க இசக்கி. மக பிரசவத்துக்கு ஒரு மாசம் லீவு போட்டேன். விண்ணப்பம் ரெண்டு தடவ போயிருக்கு. ரெண்டு மாசம் லீவான்னு மேல இருந்து கேலி பண்ணுதாவ."

மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அவசரத்தில் இரண்டு தடவை அழுத்தியிருப்பார் என்றே நினைத்தேன். இருந்தாலும் வந்த வேலையைச் செய்ய வேண்டுமே. வயரை வேறு துளையில் செருகிப் பார்த்தேன். இரட்டைக் கிளிக் வேகத்தைச் செட்டிங்கில் குறைத்துப் பார்த்தேன். பிறகு மவுஸைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி, கிளிக்குகளை எண்ணுகிற புரோகிராமை ஓடவிட்டு, ஒவ்வொன்றாக நூறு தடவை அழுத்தினேன். திரையில் நூற்று முப்பத்தொன்று காட்டியது.

எனக்கு முகம் மாறிவிட்டது. பத்தில் அந்த ஒருவர் இவர்தான்.

"மேடம், மவுஸ்தான் பழுது. இங்க பாருங்க, ரெண்டு கிளிக்குக்கு நடுவுல எவ்வளவு நேரம்னு காட்டுது. முப்பத்தஞ்சு, நாப்பத்தொண்ணு, இருபத்தெட்டு. ஒரு நொடிய ஆயிரமாப் பிரிச்சா அதுல முப்பத்தஞ்சு பங்கு. மனுச விரலால இவ்வளவு வேகமா ரெண்டு தடவ அழுத்த முடியாது. நூறுக்குக் கீழ போறதே கஷ்டம்."

"விரல் இல்லேன்னா வேற எது அழுத்துது?"

"உள்ள சின்னதா ஒரு செம்புத் தகடு இருக்கு. அழுத்துனா கீழ இருக்கற முனையில படும். அழுக்கோ துருவோ ஏறிட்டா, பட்டதும் துள்ளி மறுபடி படும். நீங்க ஒரு தடவதான் அழுத்துறீங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டு தடவயாத் தெரியுது."

அவர் ஒப்புதலோடு முத்திரையை உடைத்தேன். அடியில் ஒட்டியிருந்த வழுக்கும் பட்டைகளைப் பிய்த்தால்தான் திருகாணிகள் தெரியும். மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. சந்தனம். இடது பொத்தானின் இடுக்கு வழியாக இறங்கிக் காய்ந்து, ஸ்விட்ச்சைச் சுற்றி வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருந்தது. ஸ்விட்ச்சின் மூடியை ஊசியால் நெம்பினால் தகட்டின் முனையில் பச்சைக் களிம்பு.

"ஆயுத பூஜைக்கு மவுஸுக்குப் பொட்டு வச்சீங்களா மேடம்?"

"ஆபீஸ் கூட்டிப் பெருக்குத பேச்சியக்காதான் வச்சாவ. கீபோர்டுக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு. மவுஸுக்கு மட்டும் பன்னீர் விட்டுக் குழச்சு நெறயப் பூசுனாவ. உசிரு சம்பந்தப்பட்ட வேல செய்யுத பொருளு, இதுக்குத்தான் நல்லா வைக்கணும்னு சொன்னாவ."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இசக்கி, பூஜை முடிஞ்சு ரெண்டரை மாசம் ஆச்சு. இதே மவுஸ்லதான நான் தேடல நிறுத்துதேன்?"

அரசு மவுஸ் என்பதால் அதன் ஒவ்வொரு கிளிக்கும் நேரத்தோடு பதிவாகும். பதிவைத் திறந்தேன். பூஜைக்குப் பிறகு அவர் நிறுத்திய தேடல்கள் பதினொன்று. தொடக்கத்து மூன்றில் இடைவெளி நிமிடக் கணக்கில். பிறகு வந்த ஏழில் முதல் கிளிக்குக்கும் இரண்டாவது கிளிக்குக்கும் இடையே ஐம்பதுக்கும் குறைவு. ஏழு கோப்புகளில் பத்தொன்பது பேர். அவர்களைக் கைவிடலாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. கோப்பு திறந்த அதே கணத்தில் தகடு துள்ளித் தேடலை நிறுத்தியிருக்கிறது.

"மேடம், கோப்பு தெறந்த உடனே மூடுனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. ரெண்டரை மாசமா எப்படி..."

அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"தெரிஞ்சுது. ஒரு மின்னல் மாதிரி வரும், 'பதிவானது'ன்னு போயிரும். மெட்ராஸ்லயே பாத்து முடிச்சுட்டாவ போலன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன் என்ன, அப்படி நெனைக்க எனக்குப் பிடிச்சிருந்துது. ஒங்களுக்குத் தெரியாது இசக்கி. அந்தப் படத்தையெல்லாம் பாத்து, வீட்டுக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் பச்சப்புள்ள எடுத்து ஹலோன்னு சொல்லும். நாலு வருசமா இதச் செஞ்சுட்டேன். ஒரு நாள் அதுவே மூடிக்கிட்டு போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. எதுக்குப் போயி கேக்கணும்னு விட்டுட்டேன்."

கோபப்பட வேண்டிய இடம். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன் என்று தோன்றியது, அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், ஒரு வழி இருக்கு" என்றேன். "கருவிப் பிழைன்னு நான் சான்று குடுத்தா அந்தச் சம்மதம் செல்லாது. மாலுமி உடனே தேடலத் திரும்பத் தொடங்கணும். பழைய கோப்புகள் போகட்டும். பனிமய அன்னைய நேத்துதான் நிறுத்தியிருக்கு. அந்தம்மா வாசல்லதான் நிக்கிறாங்க. நாலு கேன் தண்ணி கூடுதலா ஏத்தியிருக்காங்களாம், அதையும் சேத்துக்கலாம்."

மேடம் எழுந்து நின்றுவிட்டார். "எழுதுங்க. இப்பவே எழுதுங்க."

நான் பதிவில் கடைசி வரிக்குப் போனேன். பனிமய அன்னை, நேற்றுக் காலை ஒன்பது பதினாறு. இடைவெளி 4100.

மறுபடி பார்த்தேன். நாற்பத்தொன்று இல்லை, நாலாயிரத்து நூறு. நான்கு நொடிக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தடவை தகடு துள்ளவில்லை. மவுஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. இரண்டாவது கிளிக் மனித விரல்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் அந்த எண்ணைப் பார்த்தார். தப்பு எங்கே என்று கேட்கவில்லை.

"அது நான்தான்" என்றார். "நேத்து அந்தக் கோப்பு போகாம அப்படியே நின்னுச்சு. அஞ்சு பேரு படம். எப்பவும் தானாப் போயிருமே, இது ஏன் போகலன்னு நெனச்சேன். மாட்டிக்கிச்சு போலன்னு அழுத்துனேன்."

 வாசலில் ஜெசிந்தா யாரிடமோ கேன் விஷயத்தைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"இப்ப என்ன செய்யணும் இசக்கி? என் சம்மதத்த நானே வாபஸ் வாங்கலாமா?"

"முடியாது மேடம். அரசியல்வாதிங்க மிரட்டி வாபஸ் வாங்க வச்சிருவாங்கன்னு அந்த வழிய அடைச்சுட்டாங்க. மூடுன கோப்புல தண்ணிக் கேன் கணக்கையும் சேர்க்க முடியாது. மனுசங்க குடுத்த சம்மதம் குடுத்ததுதான். கருவிப் பிழைன்னா மட்டும்தான் கோப்பு திரும்பத் தெறக்கும்."

"அப்ப உள்ளத எழுதுனா?"

"உள்ளத எழுதுனா, ரெண்டு மாசம் முன்ன காணாமப் போனவங்களத் தேடும். இந்த அஞ்சு பேரத் தேடாது."

"எம்மேல பழி வரட்டும். வேலையே போகட்டும். தேடலும் தொடங்கணும். ரெண்டும் சேந்து நடக்க வழி இல்லையா?"

"இல்ல மேடம். ஒண்ணு பழி, ஒண்ணு தேடல்."

இப்படியும் ஒரு சட்டம் செய்வார்களா என்று அன்றைக்கு வாய்விட்டுத் திட்டினேன். இயந்திரத்தின் தப்பைத் திருத்த வழி வைத்தவர்கள் மனிதன் தப்பு செய்வான் என்பதை மறந்துவிட்டார்கள். மனிதன் படிப்பான், யோசிப்பான், அதனால் சரியாகத்தான் செய்வான் என்று நம்பியிருக்கிறார்கள், பாவம்.

மேடம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்ல வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான். சான்றுக்கான படிவத்தில் ஏழு கோப்புகளை எழுதினேன். எட்டாவதாகப் பனிமய அன்னையை எழுதினேன். இடைவெளி என்ற கட்டத்தில் 4100 என்று போட்டுவிட்டு, கடைசி இரண்டு சைபர்களை அழித்தேன். பொய்ச் சான்றுக்கு ஏழு வருடம்.  கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு ட்ரோன்கள் கிளம்பின. மேடம் கோப்பில் பன்னிரண்டு கேன் என்று திருத்தியதும் மாலுமி வாய்ப்பைத் திரும்பக் கணித்து, 'தொடரலாம்' என்றது. ஜெசிந்தாவிடம் நானே போய்ச் சொன்னேன். மவுஸ் பழுது, அதனால் தவறாக நின்றுவிட்டது, திரும்பத் தேடுகிறார்கள். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை உருவிக்கொண்டு உள்ளே வந்து புது ஸ்விட்ச்சைப் பற்றவைத்தேன். இருநூறு தடவை அழுத்திப் பார்த்தேன். இருநூறுதான் காட்டியது.

அந்தப் புது ஸ்விட்ச்சை வைத்துக்கொண்டு மேடம், சான்றால் திரும்பத் திறந்த மற்ற ஏழு கோப்புகளைச் சாயங்காலம் வரை படித்தார். ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு. கருமாதி முடிந்த வீடுகள் அவை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, கடலில் பூப் போட்டு, மனதைத் தேற்றிக்கொண்ட வீடுகள். ஒரு வீட்டில் ஏசினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர், அப்படின்னா உயிரோட இருக்கானா என்று கேட்டார். மேடம் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு 'நிறுத்து' என்பதை அழுத்தினார். ஏழு கோப்புகளையும் அழுத்தி முடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்தாம் நாள் மதியம் படகு கிடைத்தது. இன்ஜின் செத்து, காற்று இழுத்த இழுப்பில் மாலத்தீவுப் பக்கம் மிதந்துகொண்டிருந்தது. நான்கு பேர் உயிரோடு இருந்தார்கள். ரெமிஜியுஸ் இல்லை.

பிழைத்து வந்தவர்களில் ஒருவர் சொன்னது பேப்பரில் வந்தது. ஆறு நாளும் தூரத்தில் எங்கேயாவது ட்ரோன் சத்தம் கேட்குமாம். அதைக் கேட்டுக்கொண்டே தண்ணீரை மூடி மூடியாகக் குடித்திருக்கிறார்கள். ஏழாம் நாள் பூரா சத்தமே இல்லை. நம்மள விட்டுட்டாவ என்று ரெமிஜியுஸ் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தன் பங்குத் தண்ணீரை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் உயிர் போனது. ஒரு நாள் முன்னால் கண்டிருந்தால் அவரும் வந்திருப்பார். அந்த ஒரு நாள் எந்த நாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டார். மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது, வேறு விஷயம், வாங்க என்றார். போனால் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சேலை. கையில் என் சான்றின் நகல். இறப்புச் சான்றிதழ் வாங்க அதையும் இணைக்கச் சொல்லியிருந்தார்களாம்.

"நாலு பேரு வந்துட்டாவ மேடம்" என்றார் ஜெசிந்தா. "அவுக வீட்டுப் பொம்பளைய எல்லாம் என்னப் பாக்க வந்தாவ. ஒங்களுக்கும் சொல்லச் சொன்னாவ. நீங்க மவுஸ நோண்டிப் பாக்கச் சொல்லாட்டா அவுகளும் இல்ல."

மேடம் என்னை ஒரு தடவை பார்த்தார். எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"ஜெசிந்தா, மவுஸ் இல்லம்மா" என்றார் மேடம். "மத்த கோப்பெல்லாம் மவுஸ். ஒங்க வீட்டுக்காரர் கோப்ப நான்தான் அழுத்துனேன். வாசிக்காம அழுத்துனேன். ஒங்களுக்குப் போனும் போடல."

ஜெசிந்தா அவரையே பார்த்தார். கத்துவார், காறித் துப்புவார், எதுவும் செய்வார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீய. பேப்பர்ல போட்டிருக்கே, எங்கைல இருக்கு. யாராவது ஒரு ஆளு செஞ்சதா இருந்தா நல்லாருக்கும்னு எனக்கும்தான் தோணுச்சு. ஏசுறதுக்காவது ஒரு ஆளு வேணும்லா? அது தெரிஞ்சுதான நீங்க வந்து தலையக் குடுக்கீய. வேண்டாம் மேடம். எனக்காவண்டி நீங்க பழி சுமக்க வேண்டாம்."

"இல்ல ஜெசிந்தா, சத்தியமா..."

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்கதான எழுதுனீய. நீங்களே சொல்லுங்க. மவுஸ்தான?"

மேடம் என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்று அந்தக் கண் கெஞ்சியது. என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. நான் என் இரண்டு பிள்ளைகளை நினைத்தேன். ஏழு வருடத்தை நினைத்தேன். அந்தப் பெண்ணின் நன்மைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயம்தான்.

"மவுஸ்தாம்மா" என்றேன்.

ஜெசிந்தா தலையை ஆட்டினார். பிறகு அழத் தொடங்கினார். கடற்கரையில் உடலை இறக்கியபோதுகூட அவர் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மேடத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, வெகுநேரம் அழுதார். மேடம் அவரை அணைக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை.